நூற்றெட்டு உருவும் ஒரு பெருக்கலும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையிலே, கணினி மொழியொன்றில் நேர்ந்த பிழையையும் அது திருத்தப்பட்ட விதத்தையும் பற்றிப் பேச நாம் இசைந்தபோது, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும் என்று சற்றே அஞ்சினோம். ஆயினும் அப்பிழை நேர்ந்த இடம் எதுவென்று சொன்னால் அவர்களே முதலிற் செவிசாய்ப்பார்கள் என்ற துணிவும் உண்டு. ஒரு சொல்லைக் குறித்த தடவை திரும்பத் திரும்ப எழுதித் தருகின்ற கருவியொன்றிலேதான் அது நேர்ந்தது. ஒரு நாமத்தை நூற்றெட்டு உருவேற்றுவது நமக்குப் புதிதன்று அல்லவா?

அம்மொழியின் பெயர் ரஸ்ற். இரும்பிலே பிடிக்கின்ற துருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதத்தில் முதலாவது நிலையான பதிப்பாக வெளிவந்தது. அது தோன்றிய நோக்கங்களுள் தலையாயது, நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் தவறுகளைச் செய்நிரல் ஓடத் தொடங்குமுன்னரே கண்டுபிடித்துத் தடுப்பது. அத்தகைய மொழியின் சொந்த வீட்டுக்குள்ளேயே நினைவகப் பிழை புகுந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

நினைவகம் என்றால் என்ன என்பதை முதலிலே விளக்கிவிடுவோம். அதனை ஒரு பெருங் காணியென வைத்துக்கொள்ளுங்கள். செய்நிரலுக்கு எதையாயினும் எழுதிவைக்க இடம் வேண்டுமாயின், "இத்தனை பைற் இடம் தருக" என்று கேட்கும். பைற் என்பது இடத்தை அளக்கும் சிற்றளவு. நிலத்துக்குப் பரப்பும் குழியும் போல. கேட்ட அளவுக்கு ஒரு துண்டு ஒதுக்கப்படும். அத்துண்டுக்கு அப்பால் இருப்பது அடுத்தவர் வளவு. நமது ஊரிலே வேலியை ஒரு சாண் அரக்கினாற்கூட வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். நினைவகத்திலே அவ்வாறன்று. அங்கே துண்டுக்குத் துண்டு வேலி கிடையாது. அளவுக்கு மிஞ்சி எழுதிய செய்நிரல் அடுத்த வளவில் இருந்ததை அழித்து எழுதிக்கொண்டே போகும். அழிந்தவர் அந்நேரத்தில் அறியவும் மாட்டார். சிறிது பொழுது கழித்து வேறெங்கோ ஒரு கணக்குப் பிழைக்கும், அல்லது செய்நிரல் காரணந் தெரியாமல் விழுந்துவிடும். தீய எண்ணமுடையவன் ஒருவன், எதை எழுதினால் எது அழியும் என்று ஆய்ந்து எழுதுவானாயின் அந்தக் கணினியையே தன் கைக்குள் கொண்டுவந்துவிடலும் கூடும்.

இனி, நியம நூலகம் என்றொன்று உண்டு. மொழியோடு சேர்த்தே அனைவர்க்கும் வழங்கப்படும் கருவிகளின் தொகுதி அது. சொற்களை ஒட்டுதல், வரிசைப்படுத்தல், எண்ணுதல் முதலான அன்றாட வேலைகளுக்கு ஒவ்வொருவரும் தாமே கருவி செய்யாமல் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுப்பவர் அதனை மீளச் சோதிப்பதில்லை. பொதுக் கிணற்றிலே தண்ணீர் அள்ளுபவர் ஒவ்வொரு வாளியையும் ஆய்வுகூடத்துக்கா அனுப்புகிறார்? ஆதலால் அங்கே ஒரு குறை இருந்தால் அதற்குக் காரணமாகாத ஆயிரம் வீடுகளுக்கும் அது போய்ச்சேரும்.

அந்த நூலகத்திலே ரிப்பீற் என்றொரு செயற்கூறு. ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் கொடுத்தால், அச்சொல்லை அத்தனை தடவை தொடர்ச்சியாக எழுதித் தரும். "நமசிவாய" என்பதையும் 108 என்பதையும் கொடுத்துப் பார்ப்போம். கணினியிலே இக்காலம் பெருவழக்காயுள்ள யூ.ரீ.எவ்.-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைற் வேண்டும். ந, ம, ச, இகரக் குறி, வ, ஆகாரக் குறி, ய என ஏழு குறிகள். ஆகவே 21 பைற். (ஐந்தெழுத்தை ஏழாக எண்ணுகின்ற கணினியை மன்னித்துவிடுவோம்.) 21ஐ 108ஆற் பெருக்கினால் 2268. செயற்கூறு முதலில் இந்தப் பெருக்கலைச் செய்து, 2268 பைற் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு எழுதத் தொடங்கும்.

பழைய வடிவிலே அது ஒவ்வொரு நாமமாக நூற்றெட்டையும் எழுதியது. ஒவ்வொரு முறையும் "இன்னும் இடம் இருக்கிறதா?" என்று பார்த்தது, போதாவிட்டால் மேலும் கேட்டு வாங்கியது. இந்த நிதானத்தினால் வேகம் குறைந்தது. எனவே 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேகமான வடிவொன்றை எழுதினார்கள். அது மெச்சத்தக்க உபாயம் என்பதில் ஐயமில்லை. முதலில் ஒரு நாமத்தை எழுது. அதைப் பிரதிசெய்து பக்கத்தில் வை, இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பிரதிசெய், நான்கு. இப்படியே எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு. மீதி நாற்பத்துநான்கையும் முன்னே எழுதியதிலிருந்து ஒரே மூச்சிற் பிரதிசெய். நூற்றெட்டு வேலை எட்டாகக் குறைந்துவிட்டது! ஆனால் இவ்வாறு நினைவகத்தை நேரடியாகப் பிரதிசெய்வதை ரஸ்ற் மொழி வழமையாக அனுமதிப்பதில்லை. "இப்பகுதி காப்பற்றது, இதற்கு நானே பொறுப்பு" என்று எழுதுபவர் குறியிட்டால் மட்டும் அனுமதிக்கும். எழுதியவர்கள் அவ்வாறே குறியிட்டார்கள். தொடக்கத்திலே கணக்குப் பார்த்து வேண்டிய இடம் முழுவதையும் வாங்கிவிட்டோமே, இனி ஒவ்வொரு முறையும் ஏன் பார்க்கவேண்டும் என்பது அவர்களது நியாயம். இந்த வடிவு 2018 மே 10ஆந் திகதி வெளியான 1.26ஆம் பதிப்பிலே உலகெங்கும் சென்றது.

பிழை அந்தப் பெருக்கலிலே இருந்தது.

பழைய மோட்டார்க் காரிலே ஓடிய மைலைக் காட்டும் மானியைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கம் உள்ள மானி 99999 வரை காட்டும். இன்னும் ஒரு மைல் ஓடினால் 00000. ஓடிப் பழுதான கார் புத்தம் புதிய கார்போலத் தோன்றும்! கணினியின் எண்ணும் அத்தகையதே. 32 பிற் கணினியிலே அது 4294967295 வரை எண்ணும், அடுத்தது பூச்சியம். இப்பொழுது நமசிவாய என்பதை 108 தடவையன்றி 20 கோடியே 45 இலட்சத்து 22 ஆயிரத்து 254 தடவை எழுதுமாறு கேட்போம். உண்மையான பெருக்கம் 4294967334. மானி சுற்றி வந்துவிடுவதால் கணினி காட்டுவது வெறும் 38. செயற்கூறு 38 பைற் இடத்தை வாங்கிக்கொண்டு, தன்னிடம் 400 கோடிக்கு மேல் இருப்பதாக நம்பி எழுதத் தொடங்கும். முதல் நாமம் 21 பைற், அடங்கிவிட்டது. இரண்டாவது நாமம் முடிய 42 வேண்டும். அங்கேயே நான்கு பைற் அடுத்த வளவுக்குள் விழுந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கண்ணை மூடிக்கொண்டு அயல் வளவெல்லாம் உழுதுகொண்டு போகும்.

"எவன் ஐயா இருபது கோடி உருவேற்றப் போகிறான்?" என்று கேட்பீர்கள். பக்தன் ஏற்றமாட்டான். ஆனால் தடவை எண் சிலவேளை வெளியாரிடமிருந்து வருகிறது. இணையத்திலே யாரோ ஒருவர் நிரப்பி அனுப்பும் படிவத்தில் உள்ள எண்ணாக அது இருக்கலாம். நல்லவர் 5 என்று எழுதுவார்; கெட்டவன் இருபது கோடி என்று எழுதுவான். 64 பிற் கணினியிலே எல்லை 20 இலக்க எண்ணாக இருப்பினும், தடவை எண்ணையும் அதற்கேற்பப் பெரிதாக அனுப்பலாமாதலின் அங்கும் முழுக் காப்பில்லை.

இங்கே நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சரிபாராத பெருக்கல் பழைய வடிவிலும் இருந்தது! அங்கே அது தீங்கு செய்யவில்லை. ஏனெனில் கணக்குத் தவறிக் குறைந்த இடம் கிடைத்தாலும், ஒவ்வொரு நாமத்தையும் எழுதும்போது இடம் பார்த்து மேலும் வாங்கும் நிதானம் இருந்தது. அந்த நிதானத்தை வேகத்தின் பொருட்டு எடுத்தபோது, அதுவரை உறங்கிக் கிடந்த பிழை விழித்துக்கொண்டது. புதிதாகத் தவறு செய்தார் எவருமிலர். இரண்டு காவலர் இருந்த இடத்திலே ஒருவரை நிறுத்தினார்கள். மிஞ்சியவர் உறங்குபவர் என்பது தெரியவில்லை. பின்னர் வாசித்துப் பார்ப்பவர்க்கு இது எளிதாகத் தெரியும். நாம் அந்த வரிகளை முதன்முறை வாசித்தபோது, அங்கே பிழை உண்டு என்று அறிந்திருந்தும், இரண்டு முறை கண்ணோட்டிய பின்னரே கண்டோம்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. சோதனை வடிவில் ஓடும் செய்நிரலிலே, எண் இவ்வாறு சுற்றி வந்தால் ரஸ்ற் உடனே நிறுத்திச் சொல்லிவிடும். வேகத்துக்கெனத் தயாரிக்கும் இறுதி வடிவிலே வழமையாக அந்தப் பார்வை இல்லை. நியம நூலகமோ இறுதி வடிவிலேயே ஆயத்தமாக்கி வழங்கப்படுகிறது. ஆகவே பாவனையாளர் எத்துணைக் கவனமாகத் தம் செய்நிரலைச் சோதனை வடிவில் ஓட்டினாலும், நூலகத்தினுள் நடந்த இத்தவறு அவர் கண்ணில் படாது.

2018 செப்ரெம்பரிலே இதனைக் கண்டவர் ஊரறியக் கூவவில்லை. பாதுகாப்புக் குறைகளை அறிவிப்பதற்கென மொழிக் குழுவினர் வைத்திருந்த வழியிலே அவர்களுக்குத் தனியாக அறிவித்தார். குழுவினர் செப்ரெம்பர் 21ஆந் திகதி வெளிப்படையாக அறிக்கை விடுத்தனர். எந்தச் செயற்கூறு, எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை, தவறு எவ்வாறு நேர்கிறது, இதனைப் பாவியாதவர்க்குக் கவலை வேண்டாம் என்பனவெல்லாம் அதிலே இருந்தன. செப்ரெம்பர் 25ஆந் திகதி திருத்திய 1.29.1 பதிப்பு வந்தது. அதற்கு முந்திய 1.29.0 வெளிவந்து பன்னிரண்டே நாள் ஆகியிருந்தது. நினைவகக் காப்பு என்பதனாலேயே பெயர் பெற்ற மொழி, தன் நூலகத்தில் நினைவகம் காப்பிழந்தது என்று தன் வாயாலே சொல்லியது. அது எளிய காரியமன்று.

திருத்தம் எவ்வளவு பெரியது என்று எண்ணுகிறீர்கள்? சாரம் ஒரே வரி. "பெருக்கு" என்று இருந்த இடத்திலே "சரிபார்த்துப் பெருக்கு, எண் அடங்காவிடின் கொள்ளளவு மிஞ்சியது என்று கூறி நில்" என்று மாற்றினார்கள். இரட்டித்து இரட்டித்துப் பிரதிசெய்யும் அழகிய உபாயத்தைக் கைவிடவில்லை. ஒரு தடவைக்கு ஒரு சரிபார்ப்புத்தான் கூடிற்று. அதற்குச் செல்லும் நேரம் பொருட்படுத்தத்தக்கதன்று.

செய்நிரல் நின்றுவிடுவது மட்டும் நல்லதா என்று எம்மோடு வாதிட்ட நண்பர்கள் உண்டு. தீயவன் ஒருவன் பெரிய எண்ணை அனுப்பி அதை வேண்டுமென்றே நிறுத்தலாமே என்றார்கள். உண்மைதான், அதுவும் தொல்லையே. வெறுஞ் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கலாமே என்றார் வேறொருவர். அதனை நாம் ஒப்பமாட்டோம். கேட்டதைச் செய்யாமல் செய்ததுபோலக் காட்டும் கருவி, நின்றுபோகும் கருவியிலும் தீயது. நின்றது எங்கே நின்றது என்பது தெரியும். அடுத்தவர் வளவை உழுதது எங்கே உழுதது என்று தேட மாதங்கள் ஆகும்.

இக்குறை உலகுக்குப் புதியதுமன்று. சீ மொழியின் நியம நூலகத்திலே கலொக் என்றொரு செயற்கூறு, எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் பெற்றுப் பெருக்கி இடம் ஒதுக்கும். பல நூலகங்களிலே அப்பெருக்கல் சரிபார்க்கப்படாதிருந்ததை 2002 ஆகஸ்டிலே ஜேர்மனியின் ஸ்ருட்காட் பல்கலைக்கழகத்துக் கணினிப் பாதுகாப்புப் பிரிவு எடுத்துரைத்தது. சீ பிளஸ் பிளஸ் மொழியிலே வரிசையாக இடம் ஒதுக்கும் முறையிலும் அதே குறை இருந்தது, ஜி.சி.சி. என்னும் தொகுப்பியிலே அது 2013இல் வந்த 4.8ஆம் பதிப்பிலேதான் அடைக்கப்பட்டது. 2002க்கும் 2018க்கும் இடையில் பதினாறு ஆண்டு. ஒரு வீட்டார் பட்டறிந்ததை அடுத்த வீட்டார் தாமும் ஒருமுறை படவேண்டியிருந்தது.

ரஸ்ற் நூலகத்திலே இன்னொரு குறையின் கதையையும் சொல்லவேண்டும். அது நம்மை உறுத்துகின்ற கதை. இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய வரிசை ஒன்று அங்கே உண்டு. அதற்கு முன்கூட்டி இடம் ஒதுக்கும் பகுதியில், 2015இல் வந்த 1.3ஆம் பதிப்பு முதல் பிழை இருந்தது. 2017 நவம்பரில் வந்த 1.22ஆம் பதிப்பிலே அது திருந்திவிட்டது. ஆனால் பாதுகாப்புக் குறைபாடு என்று அதற்குப் பதிவெண் கிடைத்தது 2018ஆம் ஆண்டிலேதான். இடைக்காலத்தில் புதிய பதிப்புக்கு மாறியவர் தப்பினர். பழைய பதிப்பையே வைத்திருந்தவருக்கு மாறியாகவேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

உறுத்துகிறது என்றோம். ஏனென்றால் நாமே அவ்வாறு நடந்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரிக்குக் கணக்குச் செய்நிரல் எழுதிக் கொடுத்தோம். தொகை மிகப் பெரிதானால் பெருக்கல் தவறுவதை ஓர் இரவிலே கண்டுகொண்டோம். மறுநாட் காலையில் "புதிய வசதி ஒன்று சேர்த்திருக்கிறோம்" என்று சொல்லி அவரது கடையிலிருந்த பிரதியை மாற்றினோம். பிழை என்ற சொல் எம் வாயில் வரவில்லை. அவரது மற்றக் கிளையிலே பழைய பிரதி ஓடிக்கொண்டிருந்ததை நாம் அறியோம். பிழை என்று சொல்லியிருந்தால் அவரே அதைச் சொல்லியிருப்பார். ஆண்டிறுதிக் கணக்கிலே இரண்டு கிளையும் முரண்பட்டபோது, அவரது கணக்கெழுதும் முதியவர்தான் பழி சுமந்தார். நாம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னோம். அம்முதியவர், "தம்பி, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் நான்கு இரவு நித்திரை கொண்டிருப்பேனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ரஸ்ற் குழுவினரின் அந்தச் செப்ரெம்பர் அறிக்கையை வாசித்தபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒரு காட்சி. திருந்திய செயற்கூறின் விளக்கவுரையிலே, "கொள்ளளவு மிஞ்சினால் இது நின்றுவிடும்" என்று எழுதி, அதன் கீழே ஓர் உதாரணமும் வைத்திருக்கிறார்கள். பூச்சியம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கமும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஆறு எழுத்தும் சேர்ந்த பதினாறு குறிகளை, கணினி எண்ணக்கூடிய மிகப் பெரிய எண்ணளவு தடவை திருப்பி எழுதும்படி அந்த உதாரணம் கேட்கிறது. அது நின்றே தீரவேண்டிய உதாரணம். கற்க வருபவர் எவரும் அதனைக் காணாமற் போக முடியாது.

அந்தச் செயற்கூறின் மூன்று வடிவங்களையும், அதாவது நிதானமான பழையதையும் வேகமான புதியதையும் திருந்தியதையும், மூன்று தாள்களிலே எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாயிலருகேயுள்ள மேசையில் இருக்கும். ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்சவேண்டாம். அருகிலே தமிழில் எழுதியிருக்கிறோம். நமசிவாய என்பதையும் 204522254 என்பதையும் பென்சிலாற் பெருக்கிப் பார்க்க விரும்புவோர்க்கு வெறுந்தாளும் உண்டு. எமது கணக்கிலே பிழை கண்டால் அங்கேயே சொல்லுங்கள்.